உப்புக்காற்று ஊரில் செடி உலர்த்துவது: கடலூர், புதுச்சேரிக் கரையோரச் செடிகளுக்கு ஒரு ஹெர்பேரியம் கையேடு

கடற்கரை ஊரில் செடியை அழுத்தி உலர்த்துகிறவருக்கு முதல் எதிரி காற்றில் இருக்கும் ஈரம். உள்நாட்டுக் கோடையில் வெறும் செய்தித்தாளிலேயே காய்ந்துவிடும் இலை, பரங்கிப்பேட்டையிலோ அரியாங்குப்பத்திலோ ஐந்தாம் நாளும் துவண்டே கிடக்கும். அதற்குள் இலையடியில் பூஞ்சை வெள்ளையாகப் படர்ந்துவிடும். நல்ல மாதிரியாகத் தேர்ந்து பறித்தவர்கள்கூட அதை இழப்பது பெரும்பாலும் வீட்டுக்குக் கொண்டுவந்த முதல் இரண்டு இரவுகளில்தான். அதனால் இந்தக் கையேட்டில் உலர்த்தலுக்கே அதிக இடம் கொடுத்திருக்கிறோம்.

மாதிரி எதற்கு என்பதை முதலில் சொல்லிவிடுவோம். வெண்கண்டல் என்னும் அலையாத்தி மரத்தின் இலைச்சாற்றைச் சோதித்ததாக ஓர் ஆய்வு சொல்கிறது என்றால், அது வெண்கண்டல்தானா என்று இன்னொருவர் சரிபார்க்க வழி இருக்க வேண்டும். இலைச்சாறு, மகரந்தம், வேரை ஒட்டி வாழும் பூஞ்சை, இலைக்குள் வாழும் பாக்டீரியா, இலையைத் தின்னும் புழு என்று எதை ஆராய்ந்தாலும், அந்தச் செடியின் அழுத்திய மாதிரி ஒன்று எண்ணோடு ஒரு ஹெர்பேரியத்தில், அதாவது உலர்ந்த செடி மாதிரிகளைத் தாளில் ஒட்டிக் காக்கும் காப்பகத்தில், இருந்தாக வேண்டும். தாவரப் பெயர்கள் மாறிக்கொண்டே இருக்கும். மாதிரி ஒட்டிய தாள் கையில் இருந்தால் பெயர் மாறினாலும் ஆய்வு நிற்கும். தாள் இல்லையென்றால் அத்தனை உழைப்பும் சந்தேகத்துக்குள்ளாகும். 1816-இல் புதுச்சேரிக்கு வந்த பிரெஞ்சுத் தாவரவியலாளர் லெஷெனோ இங்கே சேகரித்த செடிகளைப் பாரிஸ் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இன்றும் எடுத்துப் பார்க்கிறார்கள். சரியாக உலர்ந்த தாளின் ஆயுள் அவ்வளவு.

அனுமதி

பிச்சாவரம் காப்புக்காடு, 2022-இல் உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலிலும் சேர்ந்தது. வனத்துறையின் எழுத்துபூர்வ அனுமதி இல்லாமல் ஓர் இலைகூடப் பறிக்கக் கூடாது. படகில் சுற்றிப் பார்க்க வாங்கிய சீட்டு அனுமதி ஆகாது. விண்ணப்பத்தில் எந்தெந்த இனம், இனத்துக்கு எத்தனை கிளை, எந்த மாதங்கள், மாதிரி எங்கே வைக்கப்படும் என்று குறிப்பிடுங்கள். பொத்தாம்பொதுவாக எழுதிய விண்ணப்பங்கள்தான் திரும்பி வருகின்றன.

கோயில் காடுகளுக்கு வேறு முறை. குழந்தைக்குப்பம், திருமாணிக்குழி போன்ற ஊர்களில் மிஞ்சியிருக்கும் உலர் பசுமைமாறாக் காட்டுத் துண்டுகள், ஊரார் சாமிக்கு விட்ட காடுகள் என்பதால்தான் பிழைத்திருக்கின்றன. ஊர்ப் பெரியவர்களையும் பூசாரியையும் பார்த்துப் பேசி, எதைத் தொடலாம், எதைத் தொடக் கூடாது என்று கேட்டுக்கொண்டு உள்ளே போங்கள். அவர்கள் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். பூவைப் படம் பிடித்துக் குறிப்பெடுத்தாலே பாதி வேலை முடியும்.

மருத்துவப் பயனையோ உள்ளூர்ப் பெயரையோ ஒருவர் சொல்லி எழுதினால் அவருடைய ஒப்புதலையும் வாங்குங்கள். பிச்சாவரத்துச் சதுப்பில் நண்டும் இறாலும் பிடித்து வாழும் இருளர்களின் அறிவு அவர்களுடைய சொத்து. வெளிநாட்டு நிறுவனத்துக்கு மாதிரி அனுப்புவதாக இருந்தால் 2002-ஆம் ஆண்டு பல்லுயிர்ச் சட்டம் குறுக்கே வரும். சென்னையிலுள்ள தேசியப் பல்லுயிர் ஆணையத்தில் கேட்டுவிட்டே அனுப்புங்கள்.

கையில் வேண்டியவை

செடி வெட்டும் கத்தரி, உயரமான கிளைக்குத் தொரட்டி, வேரோடு எடுக்கக் களைக்கொத்து, 10 மடங்கு உருப்பெருக்கும் கைலென்ஸ், பென்சில், கெட்டி அட்டை போட்ட குறிப்பேடு, நூல் கட்டிய சின்னச் சீட்டுகள், பெரிய பாலித்தீன் பைகள். பேனா வேண்டாம், சதுப்பில் மை கரைந்துவிடும். பென்சில் எழுத்து ஸ்பிரிட்டில் ஊறினாலும் அழியாது.

செடியை இடையில் வைத்து இறுக்கும் அழுத்திக்கு 30 × 45 செ.மீ. அளவில் மரச்சட்டங்களை இடைவெளி விட்டுக் குறுக்கும் நெடுக்கும் ஆணியடித்த இரண்டு சட்டகம் போதும், எந்தத் தச்சரும் செய்து கொடுப்பார். கட்டுவதற்குக் கொக்கி வைத்த நாடாப் பட்டை இரண்டு. கயிறு வேண்டாம். செடி காயக் காயக் கட்டு தளரும், கயிற்றை அவ்வப்போது இறுக்குவது பெரும்பாடு.

செய்தித்தாளை மடித்த அளவு 28 × 42 செ.மீ.க்குச் சற்றுக் கூடுதலாக இருக்க வேண்டும். நீளத்தில் மிஞ்சுவதை வெட்டிவிடுங்கள். வழவழப்பான வண்ண இணைப்புத் தாள் ஈரம் உறிஞ்சாது, அதை ஒதுக்குங்கள். நெளி அட்டையை மளிகைக் கடைப் பெட்டிகளிலிருந்து வெட்டிக்கொள்ளலாம். அட்டைக்குள் ஓடும் குழல்கள் 30 செ.மீ. பக்கத்துக்கு இணையாக, அதாவது அகலவாக்கில் ஓடும்படி வெட்டுங்கள். காற்று கடக்கவேண்டிய தூரம் அப்போதுதான் குறையும். நீளவாக்கில் வெட்டிய அட்டையோடு உலர்த்தினால் ஓரம் காய்ந்து நடு அழுகும்.

எதை வெட்டுவது

பூ அல்லது காய் இல்லாத கிளையை வெட்டாதீர்கள். இரண்டும் இருந்தால் மிக நல்லது. இலையை மட்டும் வைத்து இனம் காண முடிகிற செடி இந்தக் கரையில் சிலதான். ஓர் இடத்தில் இருபது செடி இருந்தால் ஒன்றிலிருந்து எடுக்கலாம் என்பது பொதுவான வழக்கம். அதைவிடக் குறைவாக இருந்தால் சிறு கிளையும் புகைப்படமும் போதும். புல், சிறுசெடி என்றால் வேரோடு எடுத்து, மண்ணைத் தட்டி அலசுங்கள். ஒரே மரத்திலிருந்து மூன்று நான்கு பிரதி எடுத்து எல்லாவற்றுக்கும் ஒரே எண் கொடுங்கள்: ஒன்று உங்கள் ஊர் ஹெர்பேரியத்துக்கு, ஒன்று இனம் காணும் வல்லுநருக்கு, மற்றவை பரிமாற்றத்துக்கு.

கிளையில் எவ்வளவு தூரம் கீழே வெட்டுவது என்பதற்குப் பிச்சாவரத்துச் சுரபுன்னை என்னும் அலையாத்தி மரங்களே நல்ல பாடம். அங்கே ரைசோபோரா அபிகுலேட்டா, ரைசோபோரா மியூக்ரோனேட்டா, இவ்விரண்டின் கலப்பான ரைசோபோரா அண்ணாமலையானா மூன்றும் இருக்கின்றன. கடைசிப் பெயர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் பெயரால் வைத்தது. அபிகுலேட்டாவில் பூங்கொத்து இலைகளுக்குக் கீழே, இலை உதிர்ந்த கணுக்களில் வரும். குட்டையான தடித்த காம்பில் இரண்டே பூ, பூவுக்குக் காம்பே இல்லாதது போல் ஒட்டியிருக்கும். இதழில் மயிர் கிடையாது. மியூக்ரோனேட்டாவில் பூங்கொத்து இலைக்கக்கத்திலேயே வரும், காம்பு மெல்லியது, இதழோரம் மயிரடர்ந்தது. இலைக்கொத்தை மட்டும் பறித்து வந்தால் பூ எந்தக் கணுவில் நின்றது என்பது தெரியாமல் போய்விடும். ஆகவே கடைசி இலைக்கும் கீழே 15 முதல் 20 செ.மீ. மொட்டைத் தண்டு சேர்ந்து வரும்படி வெட்டுங்கள். விழுது வேரின் படம், மரத்திலேயே முளைவிட்டுத் தொங்கும் முளைக்காயின் நீளம், மரத்தில் முளைக்காயே தென்படவில்லை என்றால் அந்தச் செய்தி, எல்லாம் குறிப்பேட்டுக்குப் போக வேண்டும். கலப்பினத்தில் முளைக்காய் பிடிப்பது அரிது, எனவே இல்லாமையும் ஒரு சான்றுதான்.

இந்தக் கரையில் ஆண், பெண் தனித்தனிச் செடியாக உள்ளவை ஏராளம். தில்லை, தாழை, மணல்மேட்டு இராவணன் மீசை மூன்றுமே அப்படித்தான். ஒன்றைப் பறித்துவிட்டுத் திரும்பாமல் மற்றதையும் தேடுங்கள். இரண்டுக்கும் வேறு வேறு எண் கொடுத்து, ஒன்றின் குறிப்பில் மற்றதன் எண்ணை எழுதுங்கள்.

தில்லையில் கூடுதல் கவனம் வேண்டும். சிதம்பரத்தின் தலமரம் என்று தெரியாதவர் இல்லை, அதன் பால் கண்ணில் பட்டால் என்ன ஆகும் என்பதைத்தான் பலர் அறிவதில்லை. கடுமையான எரிச்சல், வீக்கம், தற்காலிகமாகப் பார்வையே போகும் அளவு பாதிப்பு வரலாம். கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் வெட்ட வேண்டாம். தலைக்கு மேலுள்ள கிளையைத் தொரட்டியால் இழுக்கவே வேண்டாம். பால் பட்டால் உடனே நல்ல தண்ணீரால் நெடுநேரம் கழுவிவிட்டு மருத்துவரிடம் போங்கள். வெட்டிய கத்தரியைத் துடைக்காமல் அடுத்த செடிக்குக் கொண்டுபோகாதீர்கள்.

முரண்டு பிடிக்கும் செடிகள்

பிரண்டை, உமிரி போன்ற சதைப்பற்றுச் செடிகளை அப்படியே அழுத்தினால் அவை சாவதில்லை. பிரண்டை தாளுக்குள்ளேயே வாரக்கணக்கில் உயிரோடிருந்து கணுவில் துளிர் விடும், பிறகு கணுக்கணுவாகக் கழன்று விழும். உமிரி இலைகளை உதிர்த்துக் கறுத்துப்போகும். பூவை மட்டும் வெளியே நிற்கும்படி பிடித்துக்கொண்டு, தண்டையும் இலையையும் கொதிநீரில் அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் முக்கி எடுங்கள், உடனே துணியில் ஒற்றிவிட்டு அழுத்துங்கள். தடித்த தண்டை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து உட்சதையைச் சுரண்டிவிடலாம். கொதிநீர் பட்ட செடி டி.என்.ஏ. ஆய்வுக்கு உதவாது. அதற்கான இலையை முன்பே எடுத்துவிடுங்கள்.

கண்டல் இலையில் உப்புச் சிக்கல். வெண்கண்டல் இலை உப்பை வெளியேற்றும், கைலென்ஸில் பார்த்தால் இலைமேல் படிகங்கள் தெரியும். அந்த உப்போடு உலர்த்தினால், நன்றாகக் காய்ந்த தாள்கூட ஐப்பசி மழையில் ஈரத்தை இழுத்து மறுபடி நமுத்துப்போகும். உப்புப் படிகம் இருந்ததைக் குறிப்பேட்டில் எழுதிவிட்டு, இலையை நல்ல தண்ணீரில் ஒரு முறை அலசி, ஒற்றியெடுத்து அழுத்துங்கள். வேதியியல் ஆய்வுக்கான இலையை மட்டும் அலசாமல் தனியே வையுங்கள். இந்த இனத்தின் மஞ்சள் பூக்கள் உலர்ந்தால் கறுத்துவிடும். ஐந்தாறு பூவை 70% எத்தனாலில், சின்னக் குப்பியில், அதே எண்ணைப் பென்சிலில் எழுதிய சீட்டோடு போட்டு வையுங்கள். வெண்கண்டலின் சிறு பூவையும் அதன் உறவினமான அவிசென்னியா அஃபிசினாலிஸின் பெரிய பூவையும் ஒப்பிட இந்தக் குப்பிதான் பின்னால் கைகொடுக்கும்.

கடற்கரை மணலில் படரும் அடம்புக்கொடியின் பூ விடியலில் விரிந்து வெயில் ஏறும்போது சுருங்கும். காலையிலேயே போய், பறித்த இடத்திலேயே அழுத்துங்கள். பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்த அடம்புப் பூவை விரிக்க யாராலும் முடியாது. பூவின் மேலும் கீழும் மெல்லிய டிஷ்யூ தாள் வைத்தால் செய்தித்தாளில் ஒட்டாது. உலரும் வரை அந்த டிஷ்யூவைப் பிரிக்காதீர்கள்.

தாழை மடல் ஒரு தாளில் அடங்காது. அடி, நடு, நுனி என 30 செ.மீ. துண்டுகளாக வெட்டி, முழு நீளத்தை அளந்து எழுதி, தாள்களுக்கு "4-இல் 1", "4-இல் 2" என்று வரிசை போடுங்கள். முள் வரிசையை மழிக்கக் கூடாது, தாழையில் அதுவும் அடையாளம். இராவணன் மீசையின் பெண் பூக்கொத்து உருண்டை முள்பந்தாக இருக்கும். அதைச் சட்டகத்துக்குள் வைத்தால் அடுத்த பத்துத் தாளையும் கிழிக்கும். பாதியாக வெட்டி, பஞ்சுத் திண்டு அல்லது மடித்த தாளைச் சுற்றிலும் வைத்து மட்டம் சமன் செய்யுங்கள். ஆல், அத்தி வகைகளில் பாலை ஒற்றியெடுத்துவிட்டு, ஒரு காயையாவது குறுக்கே வெட்டி உள்பக்கம் தெரிய வையுங்கள். முகத்துவாரக் கடற்புல்லைத் தட்டுத் தண்ணீரில் மிதக்கவிட்டு, அடியில் தாளை நுழைத்து, தூரிகையால் விரித்து மெதுவாகத் தூக்கி, மேலே மல் துணி போட்டு அழுத்தினால் போதும்.

குறிப்பேடு

பூவின் நிறம், மணம், பாலின் நிறம், மரத்தின் உயரம், பட்டையின் தோற்றம், பூவில் வந்து உட்கார்ந்த பூச்சி: உலர்ந்தபின் மறைந்துபோகிறவற்றையெல்லாம் அந்த இடத்திலேயே எழுத வேண்டும். வீட்டுக்கு வந்து நினைவிலிருந்து எழுதுவது வேண்டாம். எண் ஒன்றில் தொடங்கி உங்கள் வாழ்நாள் முழுக்க ஒரே வரிசையில் போகட்டும். ஆண்டுக்கொரு முறை மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினால் பிற்பாடு ஒரே எண்ணில் பல செடிகள் வந்து குழப்பும்.

"மரம், மஞ்சள் பூ, பிச்சாவரம்" என்று எழுதிய தாள்கள் அலமாரிகளில் நிறைய உண்டு. அவற்றால் பயனில்லை. அதே மரத்தை இப்படி எழுதிப் பாருங்கள்: "கடலூர் மாவட்டம், கிள்ளை அருகே, பிச்சாவரம் அலையாத்திக் காடு. வாய்க்கால் கரையிலிருந்து 3 மீட்டர் உள்ளே, கணுக்கால் அளவு களிச்சேறு, வெள்ளம் ஏறினால் வேர் மூழ்கும் இடம். 5 மீட்டர் மரம், குச்சி வேர்கள் மரத்தைச் சுற்றி அடர்த்தி. இலையடி வெளிர்சாம்பல், மேலே உப்புப் படிகம். பூ ஆரஞ்சு மஞ்சள், தேனீக்கள் மொய்த்தன. அருகே உமிரியும் சுரபுன்னையும்." இதைப் படிக்கிறவர் நேராக அந்த மரத்தடிக்கே போய்விடலாம்.

ஆயத்தொலைவுகளைத் தசம பாகையில் ஐந்து இலக்கம் வரை எழுதுங்கள். ஐந்தாம் இலக்கம் ஏறத்தாழ ஒரு மீட்டரைக் குறிக்கும். கைப்பேசி காட்டும் பிழையளவையும் பக்கத்திலேயே எழுத வேண்டும், மரநிழலில் பிழை கூடும். தேதியில் மாதத்தை எழுத்தில் எழுதுங்கள். 03-04 என்றால் மார்ச்சா ஏப்ரலா என்று நூறாண்டு கழித்து யாரிடம் கேட்பது? மண்ணையும் விடாதீர்கள். கடலூர் மணற்கல் மேட்டுச் செம்மண்ணில் வளர்வதும் கரையோர மணலில் வளர்வதும் வேறு வேறு கூட்டம்.

உலர்த்துதல்

பறித்த அன்றே அழுத்துங்கள். செடியைத் தாளில் வைக்கும்போது ஓர் இலையையாவது திருப்பி அடிப்பக்கம் தெரிய வையுங்கள். நரம்பு, மயிர், சுரப்பி எல்லாம் அங்கேதான். இலை அடர்த்தியாக இருந்தால் சிலவற்றைக் கத்தரிக்கலாம், காம்பின் அடியை மட்டும் விட்டுவைத்தால் அங்கே இலை இருந்தது தெரியும். வலக்கீழ் மூலையில் பெயர்ச்சீட்டுக்கு இடம் விடுங்கள். அடுக்கும் வரிசை: சட்டகம், நெளி அட்டை, உறிதாள் (ஈரம் உறிஞ்சும் தாள்), செடி வைத்த செய்தித்தாள், உறிதாள், மறுபடி நெளி அட்டை. கட்டு 40 செ.மீ. தடிமனைத் தாண்டினால் நடுவிலுள்ளது காயாது. பட்டையை மேலே ஏறி நின்று இறுக்குங்கள். தளர்ந்த கட்டில் இலை சுருங்கும், அதை அப்புறம் நேராக்க முடியாது.

12 மணி நேரம் கழித்து ஒரு முறை பிரித்துப் பாருங்கள். அப்போது இலை துவண்டு, சொன்னபடி கேட்கும். மடிந்ததை நீவிவிடவும் பூவை விரிக்கவும் இதைவிட நல்ல நேரம் வராது. மறுபடி கட்டி இறுக்குங்கள். உறிதாளை முதல் நாள் இரண்டு முறையும் பிறகு தினம் ஒரு முறையும் மாற்ற வேண்டும். சித்திரை, வைகாசியில் கட்டை மொட்டைமாடி வெயிலில் வைத்து உலர்த்தலாம், ஆனால் பொழுது சாயுமுன் உள்ளே எடுத்துவிடுங்கள். மாலைக் கடற்காற்றின் ஈரம் பகல் முழுக்கக் காய்ந்ததைக் கெடுத்துவிடும். வெயில் முறையில் ஒரு வாரம், பத்து நாள் ஆகும்.

ஐப்பசி முதல் மார்கழி வரை வெயிலை நம்பக் கூடாது, உலர்பெட்டி வேண்டும். செய்வது எளிது. 12 மி.மீ. பிளைவுட்டில் 50 செ.மீ. நீளம், 40 செ.மீ. அகலம், 75 செ.மீ. உயரப் பெட்டி. மேலே திறப்பு. அடியோரம் சுற்றிலும் 2.5 செ.மீ. துளை எட்டுப் பத்து. தரையில் இரண்டு 100 வாட் குண்டு பல்பு. எல்.இ.டி. பல்பு போட்டுவிட்டுச் சூடே ஏறவில்லை என்று தவிப்பவர்கள் உண்டு. அது வெளிச்சத்துக்கானது, நமக்கு வேண்டியது வெப்பம். பல்புக்கு மேலே 20 செ.மீ. உயரத்தில் கம்பி வலை ஒன்று அடியுங்கள், உதிரும் காய்ந்த இலை பல்பின் மேல் விழுந்தால் தீப்பிடிக்கும். பல்பிலிருந்து 40 செ.மீ. மேலே இரண்டு குறுக்குச் சட்டம், அதன்மேல் கட்டு. கட்டைப் படுக்க வைக்காமல் நீளப் பக்கம் கீழே வரும்படி நிறுத்துங்கள். அட்டைக் குழல்கள் அப்போது செங்குத்தாக நிற்கும், சூடான காற்று அவற்றின் வழியே ஏறி ஈரத்தை இழுத்துக்கொண்டு மேலே போகும்.

இங்கேதான் பலர் ஒன்றை விட்டுவிடுகிறார்கள். கட்டுக்கும் பெட்டிச் சுவருக்கும் இடையே சந்து இருந்தால் சூடான காற்று அந்தச் சந்து வழியாகவே ஓடிவிடும், கட்டுக்குள் நுழையாது. சந்தை அட்டைத் துண்டால் அடைத்துவிடுங்கள். வெப்பமானியைக் கட்டின் அடியில் ஒன்றும் மேலே ஒன்றும் வையுங்கள். மேலே 40 முதல் 45 டிகிரி செல்சியஸ் சரியான அளவு. அடியில் 55-ஐத் தாண்டினால் ஒரு பல்பை அணைத்துவிடுங்கள். ஆய்வகத்துச் சூட்டடுப்பில் கதவை மூடி வைப்பது பெரிய தவறு: காற்றோட்டம் இல்லாத சூட்டில் செடி உலராது, வேகும். வெந்த இலை கறுக்கும். இலை கறுத்தால் காரணம் பெரும்பாலும் இரண்டில் ஒன்று: உலர நாளானது, அல்லது காற்றில்லாமல் சூடானது. இரவில் ஆளில்லாத வீட்டில் பெட்டியை எரியவிட்டுப் போகாதீர்கள்.

புல்லும் மெல்லிய இலையும் ஒரு நாளில் காயும். காசா, பாலை போன்ற மரங்களின் தடித்த இலைக்கு இரண்டு நாள், சுரபுன்னைக்கு மூன்று நாளுக்கும் மேல். காய்ந்ததா என்று பார்க்க இலையைக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள், சில்லென்றிருந்தால் ஈரம் பாக்கி. கிளையை ஒரு முனையில் பிடித்துத் தூக்கினால் விறைத்து நிற்க வேண்டும். இலை காய்ந்து காம்புக் கணு ஈரமாக இருப்பது அடிக்கடி நடக்கும், பூஞ்சை அங்கிருந்துதான் கிளம்பும். காய்ந்ததைத் தனியே எடுத்து, காயாததை மட்டும் மறுபடி வையுங்கள். எல்லாவற்றையும் சேர்த்தே வைத்திருந்தால் மெல்லிய இலைகள் அப்பளமாக நொறுங்கும்.

புயல் மழையில் மின்சாரம் நாள்கணக்கில் நின்றுபோனால் ஸ்பிரிட் முறைதான் வழி. செய்தித்தாளில் வைத்த செடிகளைக் கட்டாகக் கட்டி, கெட்டியான பாலித்தீன் பையில் நிறுத்தி, தாள் முழுக்க நனையும்படி 60 முதல் 70% எத்தனால் ஊற்றி, காற்றுப் புகாமல் மூடுங்கள். சில வாரம் தாங்கும், பிறகு உலர்த்திக்கொள்ளலாம். செடி நிறம் இழந்து பழுப்பாகும், டி.என்.ஏ.வும் சிதையும். ஸ்பிரிட்டில் இருந்தது என்பதைச் சீட்டில் கட்டாயம் எழுதுங்கள். பக்கத்தில் விளக்கோ பீடியோ கூடாது.

மரபணுவுக்கும் நுண்ணுயிருக்கும்

டி.என்.ஏ.வுக்கான இலையைப் பறித்த இடத்திலேயே ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் மணிகளில் போட வேண்டும். இளசான, புழு அரிக்காத, பூஞ்சைப் புள்ளி இல்லாத இலையைத் துடைத்து, கீற்றாக நறுக்கி, தேயிலைப் பை போன்ற மெல்லிய தாள் உறையில் போட்டு, ஒரு கிராம் இலைக்குக் குறைந்தது 10 கிராம் சிலிக்கா என்ற கணக்கில் மூடிய பையில் வையுங்கள். கண்டல் இலைக்கு இரண்டு மடங்கு போட்டாலும் தப்பில்லை. ஒரு நாளுக்குள் இலை பட்டென்று ஒடிய வேண்டும். ஒடியாமல் வளைந்தால் சிலிக்காவை மாற்றுங்கள். நிறம் மாறும் மணிகளில் ஆரஞ்சு வகை போதும், நீல வகையிலுள்ள கோபால்ட் உப்பு நச்சுத்தன்மை உடையது.

இலைக்குள் வாழும் பூஞ்சையையோ பாக்டீரியாவையோ வளர்த்தெடுக்க நினைத்தால் உலர்ந்த மாதிரி உதவாது. அதே கிளையிலிருந்து பச்சை இலையைச் சுத்தமான பையில் போட்டு, ஐஸ் கட்டிமேல் நேராகப் படாதபடி குளிர்ப்பெட்டியில் வைத்து, 24 மணி நேரத்துக்குள் ஆய்வகம் சேருங்கள். அந்த நுண்ணுயிர் வளர்ப்புக்கும் அழுத்திய தாளுக்கும் ஒரே சேகரிப்பு எண்.

ஒட்டுதலும் காப்பதும்

28 × 42 செ.மீ., அமிலமற்ற கெட்டித் தாள். மைதாப் பசை வேண்டவே வேண்டாம், பூச்சிக்கு அது விருந்து. அமிலமற்ற வெள்ளைப் பசையை இலையடியில் ஆங்காங்கே புள்ளியாக வைத்து ஒட்டுங்கள். தடித்த தண்டை வெள்ளை நூலால் இரண்டு மூன்று இடத்தில் தைத்து, முடிச்சைத் தாளின் பின்பக்கம் போடுங்கள். செலோடேப் சில ஆண்டில் மஞ்சளாகிக் கழன்று இலையையும் பிய்த்துக்கொண்டு வரும். உதிர்ந்த விதை, பூ எல்லாம் தாளிலேயே ஒட்டிய சிறு உறைக்குள். பெயர்ச்சீட்டை லேசர் அச்சில் எடுங்கள். இங்க்ஜெட் மை ஒரு சொட்டுத் தண்ணீருக்கே பரவிவிடும்.

பூச்சிகளில் மோசமானது சிகரெட் வண்டு. பழுப்பான சிறு வண்டு. இலையில் ஊசித்துளை, தாளடியில் நைசான தூள் கண்டால் அது வந்துவிட்டது என்று பொருள். இராமபாணப் பூச்சி பசையையும் தாளையும் அரிக்கும். நாப்தலின் உருண்டை இவற்றைக் கொல்லாது, அறையில் வேலை செய்பவரின் உடலைத்தான் கெடுக்கும். முன்பெல்லாம் மெர்க்குரிக் குளோரைடு கரைசலில் செடியை முக்குவார்கள். அது கொடிய நஞ்சு, இன்று யாரும் செய்யக் கூடாது. பழைய தாள்களில் அது இன்னும் இருக்கும் என்பதால் அவற்றைக் கையுறை போட்டே தொடுங்கள்.

பாதுகாப்பான வழி உறைகுளிர். தாள்களைப் பாலித்தீன் பையில் காற்றுப் புகாமல் கட்டி, மைனஸ் 20 டிகிரியில் ஒரு வாரம் வையுங்கள். வீட்டு ஃப்ரீசர் என்றால் இரண்டு வாரம். வெளியே எடுத்ததும் பையைத் திறந்துவிடாதீர்கள். இந்த ஊர்க் காற்றின் ஈரம் குளிர்ந்த தாள்மேல் பனியாகக் கோத்துக்கொண்டு செடியை நனைத்துவிடும். ஒரு நாள் முழுக்க அறையில் வைத்து, பையின் வெளிப்பக்கம் காய்ந்தபின் பிரியுங்கள். ஒவ்வொரு புதுத் தாளும் அலமாரிக்குள் நுழையுமுன் இந்தக் குளிரைக் கடந்தாக வேண்டும். கண்காட்சிக்கோ இரவலாகவோ வெளியே போய்த் திரும்பிய தாளுக்கும் அதே விதி. அலமாரி இருக்கும் அறையில் ஈரப்பதம் 55%-ஐத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் அதற்கு ஈரம் நீக்கும் இயந்திரம் இல்லாமல் முடியாது.

அந்த வசதி இல்லாதவர்கள் தாள்களை வீட்டில் வைத்துக்கொள்ளாமல் பதிவுபெற்ற ஹெர்பேரியத்தில் சேர்ப்பதே நல்லது. புதுச்சேரியில் பிரெஞ்சு நிறுவனத்தின் ஹெர்பேரியம் இருக்கிறது, ஹெர்பேரியங்களின் உலகப் பட்டியலில் அதன் குறியீடு எச்.ஐ.எஃப்.பி. கோவையில் இந்தியத் தாவரவியல் ஆய்வுத்துறையின் மதராஸ் ஹெர்பேரியத்துக்கு எம்.எச். என்று குறியீடு. எங்கே கொடுப்பதானாலும், முன்பே கேட்டு, அவர்கள் கேட்கும் தாள் அளவையும் சீட்டு வடிவத்தையும் தெரிந்துகொண்டு ஒட்டுங்கள். சில இடங்களில் ஒட்டாத மாதிரியையே விரும்புவார்கள். அவர்கள் தரும் சேர்க்கை எண்ணையும், குறியீட்டையும், உங்கள் சேகரிப்பு எண்ணையும் ஆய்வுக் கட்டுரையின் செய்முறைப் பகுதியிலேயே எழுதுங்கள். பிற்சேர்க்கையில் போட்டால் தேடுகிறவர் கண்ணில் படாது.